மலைக்குள் சொட்டிய மழை

சுரங்க வேலை முகாம்
14.11.1981

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகிர்தத்தின் வணக்கம். கர்த்தர் கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மழையில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? றொசல்லையில் குளிர் அதிகமா?

மின்சாரத்துக்காக மலையைக் குடைகிறோம் என்று சொன்னேன் அல்லவா? பெண் கால் வைத்தால் மலை சரிந்துவிடும் என்று சுரங்க வேலையாட்கள் இத்தனை மாதமும் என்னை உள்ளே விடவில்லை. கூட வேலை செய்யும் இன்ஜினியர்மாரும் எனக்காகப் பேசவில்லை. வெளியே கொண்டுவந்து கொட்டும் கல்லைப் பார்த்துத்தான் உள்ளே பாறை எப்படி இருக்கும், எங்கே குடையலாம் என்று சொல்லிவந்தேன்.

நேற்று உள்ளே தண்ணீர் கசிந்தது. பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். வேலையாட்களுக்குத் தலைவரான போர்மன் கஸ்பர் அண்ணன் தானே வந்து, "மிஸ், கல்லைத் தூக்கிட்டு வந்து காட்டலாம். தண்ணி வர்ற வெடிப்பை எப்படித் தூக்கிட்டு வர்றது? நீங்களே வாங்க" என்றார்.

போனேன். அம்மா, மலையின் வயிறு இப்படி இருக்கும் என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கல் மின்னியது. தலையில் தண்ணீர் சொட்டியது. எங்களுக்கு நேர் மேலே தேயிலை. என்றைக்கோ அங்கே கொழுந்தெடுத்த பெண்களை நனைத்த மழைதான் பாறைக்குள் இறங்கி இப்போது என்னை நனைக்கிறது என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துப்போனது. சிமெந்து வைத்து அடைத்தால் போதும் என்றேன். அப்படியே செய்தார்கள்.

இங்கே தரும் மழைக்கோட்டு எனக்குத் தொளதொள என்று இருக்கிறது. கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது தலையில் போடுவீர்களே, அந்தப் பழைய கம்பளியை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதுதான் வேண்டும்.

கஸ்பர் அண்ணன் சுரங்க வாசலில் நின்று சத்தம் போடுகிறார். மலை சரியவில்லை அம்மா. உள்ளே வரச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்
சுகிர்தம்