எங்கள் ஏழு பேரின் கல்லில் வந்து உட்கார்ந்த பெயர்

அனுப்புநர்
தோரா இக்ரிங்கில்,
பேருந்து ஓட்டுநர்,
தலைவி, ஹார்டன்ஷா டவுன் கால்பந்துக் கழக ரசிகர் சங்கம்,
14, சாயப்பட்டறைச் சந்து,
ஹார்டன்ஷா, யார்க்ஷயர்.
(தபால்காரருக்குக் குழப்பம் வருமென்றால் இன்றைய மாவட்டப் பெயரைத் தங்கள் அலுவலகமே சேர்த்துக்கொள்ளலாம். நான் எழுத மாட்டேன்.)

பெறுநர்
முதன்மைச் செயல் அலுவலர் அவர்கள்,
ஹார்டன்ஷா வட்டார மன்றம்,
மன்ற மாளிகை, ஹார்டன்ஷா.

பொருள்: ஹார்டன்ஷா டவுன் மைதான நினைவுக் கல்லில் உள்ள "லங்காஷயர்" என்னும் சொல்லை நீக்கக் கோருதல், அச்சொல்லை ஏற்றுக் கையெழுத்திட மறுத்தல்.

பார்வை: எங்கள் மைதானத்தைப் பூட்டித் தாங்கள் பிறப்பித்த 30.12.2024 நாளிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் ஆணையும் அதனுடன் இணைத்த உறுதிமொழிப் படிவமும் கிடைத்தன. கல்லில் உள்ள வாசகம் சரியானதே என்று ரசிகர் சங்கத்தின் சார்பில் நான் கையெழுத்திட்டால்தான் மைதானத்தின் பூட்டு திறக்கப்படும் என்று அறிகிறேன். வருகிற பதினெட்டாம் தேதி எங்கள் மைதானத்தில் ஆட்டம். அன்று கதவு திறக்காவிட்டால் லீக்கிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். எங்கள் கோல்கீப்பர் தபால்காரர். கேப்டன் குழாய் வேலை செய்பவர். யாரும் ஆட்டத்துக்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல. மழையில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க முந்நூறு பேர் வந்தாலே திருவிழா. இதெல்லாம் தெரிந்துதான் என் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறீர்கள். இருந்தாலும் அந்தப் படிவத்தில் என் கையெழுத்து விழாது. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2. முதல் உலகப் போருக்கு எங்கள் அணி பதினொரு பேரும் ஒன்றாகப் போனார்கள். யார்க்ஷயர் படைப்பிரிவில் சேர்ந்து, சட்டையில் யார்க்ஷயரின் அடையாளமான வெள்ளை ரோஜாச் சின்னத்தோடு போனார்கள். நான்கு பேர் திரும்பினார்கள். திரும்பாத ஏழு பேரில் ஒருவர் இடது ஓரத்தில் ஆடிய ஈனக் இக்ரிங்கில், என் தாத்தாவின் அண்ணன். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கும் ஆட்டத்தில் எங்கள் அணி முதலில் நான்கு பேரை மட்டும் களத்தில் இறக்கும். நால்வரும் தத்தம் இடத்தில் நிற்பார்கள். மற்ற ஏழு இடங்களும் ஒரு நிமிடம் காலியாகக் கிடக்கும். யாரும் இருமக்கூட மாட்டார்கள். விசில் ஊதிய பிறகுதான் மீதி ஏழு பேர் ஓடி வருவார்கள்.

3. அந்த ஆட்டம் எப்போதும் கிளேபுரூக் அணியோடுதான். நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் லங்காஷயர், இந்தப் பக்கம் யார்க்ஷயர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மாவட்ட எல்லையை யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து இந்தப் பக்கமாக நகர்த்தினார்கள். இரவு யார்க்ஷயரில் படுத்த என் அப்பா, காலையில் லங்காஷயரில் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிக் கத்தினாராம். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளேபுரூக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது. இதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் எங்கள் பேருந்துக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர்களை ஓடையில் தள்ளியிருக்கிறோம். ஆனால் ஐயா, ஒன்றை மட்டும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு இடம் காலியாகக் கிடக்கும் அந்த ஒரு நிமிடத்தில், நூறு ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர்கள் வாய் திறந்ததில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். விசில் ஊதியதும் என் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டத் தொடங்குவார்கள். அது வேறு.

4. சென்ற கோடையில் தங்கள் மரபுரிமைப் பிரிவு அலுவலர் திரு. ரூபர்ட் செல்வின் மைதானத்துக்கு வந்தார். தெற்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். மரியாதையாகப் பேசினார். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் எங்கள் இறைச்சிப் 'பை' இரண்டு தின்றார், பட்டாணிக் கூழைத் தொடவில்லை. ஏழு பேருக்கும் மன்றத்தின் செலவில் கல் வைப்பதாகச் சொன்னார். என் கணவர் செட்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன எழுதப் போகிறீர்கள், முன்னாலேயே காட்டுங்கள் என்று நான் கேட்டேன். "அது உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்மா" என்றார். அதிர்ச்சி வந்து சேர்ந்தது.

5. டிசம்பர் 26 அன்று நால்வரும் களத்தில் இறங்கி நின்றார்கள். பித்தளை வாத்தியக் குழு வாசித்து முடித்தது. நடுவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். மைதானம் அடங்கியது. அப்போது திரு. செல்வின் கல்லின் மேலிருந்த துணியை இழுத்தார். நிமிடம் முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் கல்லைப் படிக்கவே தொடங்கிவிட்டார்.

"தாய்நாட்டுக்காக உயிர் நீத்த லங்காஷயரின் வீர மைந்தர்கள்."

இன்றைய வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஏழு பேரும் செத்தபோது அந்த வரைபடம் இல்லை. எனக்கு முதலில் காதில் தவறாக விழுந்ததோ என்று தோன்றியது. பிறகு கல்லைப் பார்த்தேன். ஈனக் இக்ரிங்கில் என்ற பெயருக்கு மேலே அந்தச் சொல் பெரிய எழுத்தில் இருந்தது.

அப்போதும் யாரும் அசையவில்லை. ஏனென்றால் நிமிடம் முடியவில்லை. செட்ரிக் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். அந்த நேரத்தில்தான் கிளேபுரூக் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் கத்தினான்:

"டேய், பாத்தீங்களாடா! செத்ததுக்கப்புறம் எல்லாரும் நம்மாளா ஆயிட்டானுங்க!"

6. அதன் பிறகு நடந்ததைத் தங்கள் ஆணை "இரு தரப்பினரிடையே சலசலப்பு" என்கிறது. சலசலப்பு என்பது ஓடைக்குப் பொருந்தும். நடந்தது இது.

எங்கள் கேப்டன் டேல் ஹெபிள்வெய்ட் தன் இடத்தை விட்டு ஓடி, வேலியைத் தாண்டி, கத்தியவன் முகத்தில் தலையால் மோதினார். எலும்பு உடைந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. எங்களவர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே பாய்ந்தார்கள். அவர்களும் சும்மா இருக்கவில்லை. மூலைக் கொடிக் கம்பு நான்கும் பிடுங்கப்பட்டன. ஒருவன் கீழே கிடந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தான், கிடந்தவன் எழுந்திருக்கும்வரை மிதித்தான். வாத்தியக் குழுவின் டிராம்போன் குழல் ஒருவர் தலையில் வளைந்தது. டேலை நான்கு பேர் சேர்ந்து பிடித்து, வேலிக் கம்பியில் வாயை வைத்து அழுத்தினார்கள். முன்பல் எல்லாம் புல்லில் கிடந்தன. யாரோ கொதிக்கிற தேநீரை எடுத்து வீசியதில் வெந்துபோன கையோடு ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடினாள். அவள் எங்கள் ஊர்க்காரிதான். வீசியவரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

கிளேபுரூக்கின் முரசு அடிக்கும் நெவில் டக்வர்த், ஆறடி ஆள், முரசுக் கட்டையால் செட்ரிக்கின் தோளில் அடித்தார். கழுத்தெலும்பு முறிந்து என் கணவர் முழங்கால் மடிந்து விழுந்தார். விற்பதற்கு இறைச்சிப் பை அடுக்கியிருந்த இரும்புத் தட்டை நான் எடுத்து டக்வர்த்தின் மூக்கில் அடித்தேன். ரத்தம் என் கோட்டில் தெறித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, பையோட சேத்தா அடிப்ப?" என்றார். "பை சூடா இருக்கு, தின்னுட்டுப் போ!" என்று சொல்லி மறுபடியும் அடித்தேன். அவருடைய வலது மணிக்கட்டு எப்படி உடைந்தது என்பது காவல் துறையின் விசாரணையில் இருப்பதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

எனக்கு அப்போது யார் மேலும் இரக்கம் வரவில்லை. இன்னும் அடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. காவலர்கள் வந்து இழுத்துப் பிரித்தபோது திரு. செல்வின் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் ஒரு கீறல்கூட இல்லை. யாருக்கும் அவர் நினைவு வரவேயில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

7. எல்லாம் குடிவெறி என்று தங்கள் ஆணை சொல்கிறது. குடித்திருந்தோம் என்பது உண்மை. குடித்ததால் அடித்தோம் என்பது பொய். ஒவ்வோர் ஆண்டும் அதே அளவு குடித்துவிட்டுத்தான் அந்த ஒரு நிமிடம் வாய் மூடி நின்றிருக்கிறோம், இரண்டு ஊர்க்காரர்களும். இந்தத் தடவை புதிதாக வந்தது கல் ஒன்றுதான்.

8. அன்று மாலை மருத்துவமனையில் செட்ரிக்கை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே காத்திருக்கும் இடத்தில் எனக்கும் நெவில் டக்வர்த்துக்கும் நடுவில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் மூக்கில் பஞ்சு. நான் பேச விரும்பவில்லை. அவர்தான் மூக்காலேயே தொடங்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார்.

"இந்தாம்மா. கத்துனான் பாரு, அவன் எங்க ஊர் முட்டாப்பய. டேல் மோதுனதுக்கு அடுத்த அடி அவனுக்கு நான் போட்டதுதான். எங்கப்பா இருந்திருந்தா அவன் தோல உரிச்சிருப்பாரு."

"அப்ப என் புருஷன எதுக்குய்யா அடிச்ச?" என்று கேட்டேன்.

"உன் புருஷன் என் முரசக் கிழிச்சான். அது வேற கணக்கு." (செட்ரிக் இதை மறுக்கிறார்.)

பிறகு சொன்னார்:

"எங்க ஊர்ல இருந்து போயி இருபத்தாறு பேர் செத்தான். சர்ச் வாசல்ல பேர் இருக்கு. எல்லாம் லங்காஷயர்க்காரன். எங்களுக்கு அதுவே போதும், அத நெனச்சே இன்னும் அழுறோம். உங்க ஆளுங்கள எங்க கணக்குல யாரு எழுதச் சொன்னது? எங்க பேரு என்ன சும்மா கெடக்கா, கண்ட கல்லுல எல்லாம் ஒட்டறதுக்கு?"

நான் இருபது ஆண்டுகளாக அந்த ஆளை வெறுத்து வந்தவள். அன்று காலியாக இருந்த நாற்காலியில் என் கைப்பையிலிருந்த கைக்குட்டையை வைத்தேன். அவர் எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

9. ஆகவே ஐயா, இந்தச் சொல்லால் அவமானப்பட்டது ஓர் ஊர் அல்ல, இரண்டு ஊர். எங்களவர்களை எங்களிடமிருந்து பிடுங்கினீர்கள். கிளேபுரூக்காரர்களின் பெயரை அவர்களைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தீர்கள். இதைச் சரியென்று நான் எப்படிக் கையெழுத்திடுவது? நாளை நான் செத்து ஈனக்கைப் பார்த்தால் எந்த முகத்தோடு பார்ப்பது?

10. எனவே, கல்லிலிருந்து அந்த ஒரு சொல்லைச் செதுக்கி எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். அந்த இடத்தில் "யார்க்ஷயர்" என்று எழுதக் கைவரவில்லை என்றால் எழுத வேண்டாம். காலியாக விடுங்கள். காலி இடத்தின் முன்னால் நிற்க எங்களுக்குத் தெரியும்.

பதினெட்டாம் தேதிக்குள் பூட்டைத் திறக்கவும் வேண்டுகிறேன். அடித்தவர்களை அதற்குரிய சட்டப்படி தண்டியுங்கள். நானும் அதில் ஒருத்தி, ஓடி ஒளிய மாட்டேன். ஆனால் ஏழு பேரைத் தண்டிக்காதீர்கள்.

இனிமேல் சண்டையே நடக்காது என்று உறுதி கூறித் தங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிளேபுரூக்காரர்கள் வருவார்கள். விசில் ஊதிய பிறகு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். விசிலுக்கு முந்தைய ஒரு நிமிடத்துக்கு மட்டும் நாங்கள் இரண்டு ஊர்க்காரர்களும் பொறுப்பேற்கிறோம்.

தாங்கள் அனுப்பிய உறுதிமொழிப் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் கையெழுத்துகள் இந்த மனுவில் இருக்கின்றன. ஆவன செய்வீர்கள் என்று காத்திருக்கிறோம்.

இடம்: ஹார்டன்ஷா
நாள்: 09.01.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) தோரா இக்ரிங்கில்
ஹார்டன்ஷா, யார்க்ஷயர்.

மேற்கண்டவற்றை வாசிக்கக் கேட்டு, முரசைப் பற்றிய கருத்து வேறுபாடு நீங்கலாக முழுதும் ஒப்புக்கொண்டு உடன் கையெழுத்திடுபவர்,
(ஒப்பம்) நெவில் டக்வர்த்
கிளேபுரூக், லங்காஷயர்.

குறிப்பு: எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வலது மணிக்கட்டு உடைந்திருப்பதால் இடது கையால் போட்டிருக்கிறேன். உடைத்தவர் எனக்கு மேலே கையெழுத்திட்டிருக்கிறார். – நெ. ட.