தூறாத மேகம்

பாப்போசோ, சிலே
9 ஜூன் 2014

அன்புத் தம்பி எர்னானுக்கு,

அக்கா ஓட்டிலியா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரி மிரேயாவும் குழந்தை ரோமினாவும் சுகந்தானே? நீ வேலை பார்க்கும் மேட்டிலே குளிர் அதிகமாம், சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்.

மூட்டத்திலிருந்து தண்ணீர் பிடிக்க நீ மலைமுகட்டில் கட்டிக்கொடுத்த பனிவலைகளில் தண்ணீரே சொட்டுவதில்லை. கடலிலிருந்து மூட்டம் வராமலில்லை. வந்து, வலைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் போய்விடுகிறது. தக்காளி கருகிவிட்டது.

மேகத்தை அளக்க கத்தலினா என்றொரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருக்கிறாள். "மேட்டுல செம்பு உருக்குற புகை காத்தோட இறங்கி கடல்மேகத்துல கலக்குது. துளி நிறைய ஆகும், ஆனா ஒவ்வொண்ணும் பொடிப்பொடியா இருக்கும். தூறாது, வலையிலயும் ஒட்டாது" என்கிறாள்.

"அந்த உலையிலதாம்மா என் தம்பி வேலை பார்க்குறான்" என்றேன்.

உலைப் புகை பற்றி அரசாங்கம் நடத்தும் விசாரணையில் பேச என்னையும் கூப்பிடுகிறார்கள். என்ன செய்யட்டும்?

உன் அக்கா,
ஓட்டிலியா

---

முகாம்
21 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் அக்கா. உலை நின்றால் இந்தத் தொழிலாளர் முகாமே இல்லை. வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் ஆலையுடையது. உனக்குத் தண்ணீர் லாரிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். "உங்களத் தூக்கி வளர்த்தவங்க, அவங்க போய் பேசுவாங்களா?" என்கிறாள் மிரேயா. நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

தம்பி,
எர்னான்

---

பாப்போசோ
3 ஆகஸ்ட்

என் கண்ணு எர்னான்,

பேசிவிட்டேன். ஊரே தோட்டத்தை விட்டுக் கிளம்பத் தயாராக நிற்கும்போது, லாரித் தண்ணீரை நான் மட்டும் வாங்கிக்கொண்டு வாய்மூடி உட்கார முடியவில்லையடா. புகைபோக்கிக்கு வடிகட்டி போடுங்கள் என்றுதான் கேட்டேன். உலையை மூடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பு.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். திட்டவாவது எடு.

அக்கா

---

புவெர்ட்டோ மோன்ட்
16 டிசம்பர்

அக்காவுக்கு,

வடிகட்டி போடுவதைவிட உலையை அணைப்பதே மேல் என்று ஆலைக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். முகாமைப் பூட்டியாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் கடைசி நாளில் என்னோடு கைகுலுக்கவில்லை. இங்கே தெற்கில் மீன் பண்ணையில் சேர்ந்திருக்கிறேன்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு கரைச்சாலை வழியாகத்தான் வந்தோம். உன் ஊர் வளைவில் தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நல்ல பெரிய துளிகள். அவற்றைத் துடைக்காமல், வண்டியை நிறுத்தி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, அத்தை வீட்டுக் கதவு திறந்திருக்கு! இறங்கலாமா?" என்று ரோமினா குதித்தாள்.

"அத்தை ஊர்ல இல்லடா கண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

எர்னான்