என் பெயரில் நீ சொன்னது

இன்று காலை போன் மணியடித்தது. திரையில் வந்த கேள்வியை எழுத்துக்கூட்டி நானே படித்தேன்: "நேற்று நன்றாகச் சாப்பிட்டீர்களா?" எழுபத்திரண்டு வயதில், யாரையும் கேட்காமல். சந்தோஷத்தில் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன். டீக்கடை வாங்குப் பலகையில் உன் இடம் காலியாக இருந்தது.

என் மனைவி இறந்துபோன பிறகு மகன் என்னைக் கண்டியில் ஒரு மனநல டொக்டர் அம்மாவிடம் அனுப்பினான். துணைக்கு வந்த என் கூட்டாளி நீயும் பெயர் கொடுத்தாய். உன் வீட்டுக்காரி போய் அப்போதே மூன்று வருடம்; வீட்டில் நீ தனியாள். தினமும் போனில் வரும் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்களை வைத்து, கணினிக்குள் ஆளுக்கொரு மனப்படம் வளரும் என்றார் அவர். அதைப் பார்த்துத்தான் நம்மோடு பேசுவார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நம் ஊர் கலஹாவின் டீக்கடை வாங்கில் உட்கார்ந்து, இரண்டு போனிலும் நீயே பதில் எழுதுவாய்.

"என்னத்தடா போடுற?"

"உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? டீயக் குடி."

ஒருநாள் அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா என்னிடம், "ஐயா, உங்களுக்குச் சாப்பாடு இறங்குதில்லையாம். ஆரோடையும் கதைக்க மனமில்லையாம்," என்றார்.

"யாரு சொன்னது? காலையிலேயே நாலு ரொட்டி தின்னுட்டு வர்றேனுங்க."

நான் மறைக்கிறேன் என்று நினைத்தார். என்னை வாரந்தோறும் வரச் சொன்னார். உன் படம் நன்றாக இருந்ததால் உனக்கு மாதம் ஒருமுறை போதும் என்றார். "பாத்தியா, நான் பாஸு, நீ பெயிலு," என்று பஸ்ஸில் வழியெல்லாம் கேலி செய்தாய்.

தை மாதத்தில் ஒரு காலை நீ டீக்கடைக்கு வரவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

அதன்பின் எனக்குப் பதில் எழுத ஆளில்லை. மருமகளிடம் எழுத்துப் படித்தேன். போனில் கிடந்த என் பழைய பதில்களை அவளைக் கேட்டுக் கேட்டுப் படிக்க ஒரு நாள் முழுதும் ஆனது. "வீட்டில் பேச்சுக்குரல் இல்லை." "ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க மனமில்லை." என் வீட்டில் ஆறு பேர். நான் சோறு வடித்ததே இல்லை. உன் போனில் சிரித்த முகத்தை அமுத்திவிட்டு, உன் துக்கத்தையெல்லாம் என் பெயரில் சொல்லியிருக்கிறாய். என் தோளில் தோள் உரச உட்கார்ந்துகொண்டு.

டொக்டர் அம்மாவிடம் காட்டினேன். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். "நான் படத்தை நம்பினன் ஐயா. உங்கட நாலு ரொட்டியை நம்பேல்லை." பிறகு, பழையதை அழித்துப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க. அவன் மனசு தொறந்து பேசுனது அது மட்டுந்தான். இருக்கட்டும்."

இன்றைய கடைசிக் கேள்வி பாக்கி இருக்கிறது: "யாருடனாவது மனம்விட்டுப் பேசினீர்களா?" என் பெயரில் நீ தினமும் "இல்லை" என்றே அமுத்தியிருக்கிறாய். எழுத்துக்கூட்டி எழுதும் இந்த மடலை முடித்துவிட்டு நான் "ஆம்" என்று அமுத்துவேன்.