அம்மா கையில் சாவி

ஜனவரி 12

என் தங்கத்துக்கு,

எல்லாரும் சுகம் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை போய்விட்டது. எதிரில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கத்திலிருந்து வருவது தெரியவில்லை. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் இதைப் பேச முடியாது. அவர் என் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

நீ கல்யாணமாகி நம் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பிப் போனபிறகு நாங்கள் இந்த வெளிநாட்டில் எப்படிப் பொழுது போக்குகிறோம் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் காலமெல்லாம் மாத்திரை எண்ணிய மனிதர், ரிட்டயர் ஆனதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழுதுபார்க்கும் கூடத்தில் ஊராரின் ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே எல்லாருமே எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான். ஒரு போஸ்ட்மேன், ஒரு பல் டாக்டரம்மா, தச்சர் ஒருவர். நான் கிழிந்த சட்டைகளும் கை போன பொம்மைகளும் தைப்பேன். கூலி கிடையாது, சண்டை மட்டும் தாராளம். வியாழக்கிழமை நீச்சல் குளம், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழு. அப்பாவுக்குப் பாட வராது, ஆனாலும் முதல் வரிசையில் நிற்பார்.

இத்தனையும் அந்த ஒரு காரை நம்பி நடந்தது. எங்கள் தெருவுக்குப் பஸ் மத்தியானத்தோடு சரி. இப்போது காருக்கு உறை போட்டு மூடிவிட்டு, ஜன்னலே கதி என்று உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா

ஜனவரி 30

அன்புள்ள அம்மா,

படித்ததிலிருந்து ஆபீஸில் கை ஓடவில்லை. உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இன்னும் என்ன யோசனை, கூட்டிட்டு வந்துடு" என்றார். மாடி அறைக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தாயிற்று. தெருமுனையிலேயே கண் டாக்டர் இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு மேலேயே வரும். நீங்கள் இருவரும் எதுவுமே செய்ய வேண்டாம்.

அப்பா பிடிவாதக்காரர், அவரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் மகள்

பிப்ரவரி 20

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 'பிடிவாதக்காரர்' வந்த இடத்தில் மட்டும் இருமிவிட்டேன். அவர், "சரி, போயிடலாம்" என்றார். நான் எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். இந்தச் 'சரி' எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிட மோசம், 'எதுவுமே செய்ய வேண்டாம்' என்று நீ ஆசையாக எழுதிய வரி. கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெயின்ட் அடித்த அறையில் நாங்கள் இருவரும் சாப்பாட்டுத் தட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். மறுநாளே, வாக்கிங் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுப்பவள் முன்பு லாரி ஓட்டியவள். முதல் நாளே கேட்டாள்: "உங்க வயசுல வர்றவங்க ரெண்டு வகை. பிரேக்க விட்டுக் காலை எடுக்காதவங்க ஒரு வகை. பிரேக்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடறவங்க இன்னொரு வகை. நீங்க எது?"

"ஏத்திவிடுங்க, பார்த்துடலாம்" என்றேன். முதல் வகையாம்.

அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

இது என்ன விபரீதம்? உங்களுக்கு அறுபத்தாறு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கூடத்துக்குப் போகிற வழியில் அந்த ஆற்றுப் பாலத்தில் காற்றடித்தால் வண்டி ஆடும் என்று நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வீர்களே, நீங்களா ஓட்டப் போகிறீர்கள்?

வீட்டை விற்க ஒரு புரோக்கரைப் பாருங்கள் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். அதற்கும் சரி என்றுவிட்டார். ஜூன் நடுவில் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். எனக்குக் கோபமில்லை அம்மா, பயம்.

உங்கள் மகள்

ஏப்ரல் 28

என் தங்கத்துக்கு,

பரீட்சையில் தோற்றுவிட்டேன். ரவுண்டானாவில் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றேன். பக்கத்திலிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்: "ஊரே போயிடுச்சும்மா, நாமளும் கிளம்பலாமா?" அந்தப் பதற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா, "பெயிலா?" என்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்:

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிளட்ச்ச வெடுக்குனு விடறே. தெருமுனையில ஸ்கூல் வண்டி குதிக்கிற சத்தம் ஜன்னல் வரைக்கும் கேக்குது, அப்புறம் நீ நடந்து வர்றே. முதல் வாரத்துலேருந்தே கேக்குது."

"ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எனக்காகவா இந்த வயசுல இந்தப் பாடு?"

"எனக்காக" என்றேன். "எனக்கு அங்க போகணும். பொம்மையெல்லாம் கையில்லாமக் கிடக்கும்."

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் இருந்த சோப்பு நுரை கண்ணில் படாமல் அப்படியே விட்டிருந்தார். நான் சொல்லவில்லை. பத்து மணிக்குப் புரோக்கர் வந்தான். அவனை வாசலிலேயே நிறுத்தி, "விக்கிறதா இல்லப்பா. வீட்டம்மாவுக்குப் பரீட்சை இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

உன் அம்மா

மே 16

அன்புள்ள அம்மா,

நீங்கள் தோற்றதற்கு நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். சமையலறையில் நின்று அழுதேன். அப்பா வண்டி கழுவிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களால் தனியாக முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையில் நீங்கள் இல்லாமல் எனக்குத்தான் முடியவில்லை போல.

டிக்கெட்டை மாற்றவில்லை. கூட்டிப்போக வருகிறேனா, பார்த்துப்போக வருகிறேனா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 4

என் தங்கமே,

பாஸ்.

அதே அதிகாரி, அதே ரவுண்டானா. இந்தத் தடவை நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இறங்கும்போது, "இவ்வளவு வேகமும் வேண்டாம்மா" என்றார். லாரிக்காரி என்னை அப்படியே தூக்கிவிட்டாள்.

நேற்று அப்பாவை ஏற்றிக்கொண்டு பழுதுபார்க்கும் கூடத்துக்குப் போனேன். பாலத்தில் நல்ல காற்று. வண்டி லேசாக ஆடியது. நான் கண்ணை மூடவில்லை, அப்பா மூடிக்கொண்டார். பாலம் முடிந்ததும், "வந்தாச்சா?" என்று கேட்டார். "தாண்டியாச்சு" என்றேன். அவர் கை என் தோள்மேல் ஒரு நிமிஷம் இருந்தது. அவ்வளவுதான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லையே.

நான் ஓட்டுவதைப் பார்த்துக் கூடமே வெளியே வந்துவிட்டது. போஸ்ட்மேன் விசில் அடித்தார். பல் டாக்டரம்மா நான் நிறுத்திய கோணத்தைப் பார்த்துச் சிரித்தாள், சிரிக்கட்டும். அப்பாவின் மேஜையில் பழுதான ரேடியோக்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. "என்னய்யா, நான் இல்லாம ஒரு ரேடியோகூட வாயைத் திறக்கலையா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் கிளம்பலாமா என்று கேட்டால், முதலில் வேண்டாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

நீ பார்த்துப்போக வா. மாடி அறையை நீயே வைத்துக்கொள். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் வந்து தங்குகிறோம், சும்மா உட்கார அல்ல, ஊர் சுற்ற. நீயும் அடிக்கடி வா. உன்னை விட்டுவிட்டோம் என்று மட்டும் நினைக்காதே.

டாக்ஸி கீக்ஸி என்று கிளம்பாதே. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வாசலில் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாதாம், நான் இறங்க மாட்டேன். பெட்டியை நீயே தூக்கி வை. முன்னால் அப்பா இருப்பார். நீ பின்னால் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொள்.

உன் அம்மா