அரைக்கம்பத்தில் நின்ற நீலக்கொடி

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
3-11-76

அன்புள்ள மருமகன் பாஸ்கலுக்கு அத்தை அமலோற்பவம் எழுதிக்கொள்வது. நீ கடலில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையிலும் மாலை ஜெபமாலையிலும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே பிளாரன்ஸ் சுகம், பிள்ளை சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நல்ல வார்த்தை இதோடு முடிந்தது. இனி நீ எஞ்சின் ரூமைவிட்டு மேலே ஏறி வந்து, காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி. இதற்கு மேல் எல்லாம் சூடாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கப்பல் கொச்சிக்கு வருகிறதாம். லீவும் கொடுப்பார்களாம். ஆனாலும் நீ வரமாட்டாயாம். 'அந்த ஆள் மன்னிப்புக் கேட்கும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன், பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். யாருலே அந்த ஆள்? நான் பெற்ற மகன் இஞ்ஞாசி. உன் கூடப்பிறந்த தங்கை பிளாரன்ஸைக் கட்டியவன். நடக்கப் பழகிய நாளிலிருந்து 'அத்தான், அத்தான்' என்று அவன் பின்னாலேயே திரிந்த உனக்கு இன்றைக்கு அவன் அந்த ஆள். அந்த வாசல் என்றாயே, அது என் வாசல். உன் அம்மா கண்ணை மூடிய பிறகு உன்னையும் பிளாரன்ஸையும் தூக்கிக்கொண்டு வந்து நான் இறக்கிவிட்ட வாசல்.

பிள்ளை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அண்ணன் தூரத்துல கெடக்கான், பயப்படுவான், எழுதாதிய' என்று பிளாரன்ஸ் இத்தனை நாளும் என்னைத் தடுத்தாள். பயப்படட்டும். போன மாதம் ஒரு சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. இஞ்ஞாசி புதுத் துறைமுகத்தில் வேலையில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கூப்பிட ஆள் ஓடியிருந்தது. பிள்ளை என் மடியில் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. சாமியாரைக் கூப்பிட நேரம் ஏது? குடத்துத் தண்ணீரை மொண்டு நானே நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லி, ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்தேன். பெயர் வைக்க வேண்டுமே. என் வாயில் வந்தது உன் மாமா பெயர். கட்டிய நாளிலிருந்து என் வாயால் ஒருமுறைகூடச் சொல்லாத பெயர். மனுவேல் என்று சத்தமாகச் சொன்னேன். பிள்ளை அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் பிளாரன்ஸ் மூச்சே விட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தான், தேவமாதாவுக்குப் புகழ்.

ஆனால் தண்ணீர் ஊற்றியது மட்டும்தான் ஆயிற்று. கோவிலில் வைத்து எண்ணெய் பூசி, வெள்ளைத்துணி போர்த்தி, மெழுகுதிரி கொடுக்கிற சடங்கு பாக்கி. நம் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன், அவன்தான் திரியைப் பிடிக்க வேண்டும். பூசை முடிந்து வருகிறபோதெல்லாம் பங்குச் சாமியார் 'எப்போ?' என்று கேட்கிறார். மாமன் கப்பலில் இருக்கிறான் என்கிறேன். கப்பலில்தான் இருக்கிறாயா, வீம்பில் இருக்கிறாயா என்று எனக்கல்லவா தெரியும்.

அதுவும் எதற்காக வீம்பு? சொத்துத் தகராறா, பெண் தகராறா? எங்கேயோ வெள்ளைக்காரன் ஓட்டுகிற, மூடியில்லாத, சக்கரம் நாலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற கார்! நீ ஐரோப்பாப் பக்கம் போகிறவன், உனக்கு பார்முலா பந்தயம். அவன் முன்னே அமெரிக்காக் கப்பலில் போய்வந்தவன், அவனுக்கு இண்டியானாபோலிஸ் பந்தயம். 'அது என்ன பந்தயம், செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்துல சுத்துதானுவ' என்று நீ சொல்வாய். 'ஒனக்க ஆளுவ மட்டும் என்ன, தெருவுல பால்காரன் சைக்கிள் விடுத மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போறானுவ' என்று அவன் சொல்வான். நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்: வட்டமா சுத்துனா என்ன, வளைஞ்சு சுத்துனா என்னலே, ரெண்டு பேரும் கெளம்புன எடத்துலதான வந்து நிக்கானுவ? எங்க மாதா தேரும் ஊரைச் சுத்தித்தான் வருது, அதுல ஆசீர்வாதமாவது உண்டு!

ஆனாலும் அப்போது நான் திட்டினது சும்மா வாய்க்குத்தான். நம் வீட்டு முன்னறையில் நீங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கார்ப் பந்தயச் சங்கத்தை வைத்தபோது எனக்கும் சந்தோஷம். குடிக்கப் போகாமல் பயல்கள் அங்கேயே கிடந்தார்கள். கப்பல்காரர்கள் கொண்டுவரும் படப் புத்தகத்தை ஹார்பர் ஆபீஸ் பர்னபாஸ் தமிழில் சொல்லுவார். இஞ்ஞாசியின் ரேடியோவில் இங்கிலீஷ்காரன் இரைச்சலுக்கு நடுவே முடிவு சொல்லுவான். வாசலில் நட்டிருக்கிற பாய்மரக் கம்பத்தில், பார்முலா முடிவு வந்தால் சிவப்புக்கொடி, அமெரிக்கா முடிவு வந்தால் நீலக்கொடி. தோணியில் வருகிறவர்கள்கூட 'இன்னைக்கு எந்தக் கொடி?' என்று பார்ப்பார்கள். வீரபாகு அண்ணாச்சி கடையிலிருந்து டீ வந்துகொண்டே இருக்கும்.

போன மே மாதம் உன் லீவில் அதை உடைத்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பந்தயமும் ஒரே நாளில் வந்து தொலைத்தது. மறுநாள் சேதி வந்தது. உன் ஆள் ஜெயித்துவிட்டான். அமெரிக்காவில் மழை பெய்து, பாதியில் நிறுத்தி, முன்னால் நின்றவன் ஜெயித்தான் என்று சொல்லிவிட்டார்கள். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'மழைக்கு ஒதுங்குதவன்லாம் ஓட்டுதவனா அத்தான்? அரைப் பந்தயம்லா இது!' என்று தெருவுக்கே கேட்கும்படிக் கத்தினாய். 'ஐரோப்பால நீ பாத்தது எஞ்சின் ரூம் மட்டுந்தாம்ல, நீ பேசாத' என்று அவன் சொன்னான். சொன்னது தப்பு. அந்தத் தப்புக்கு நான் அவனை விடவில்லை. ஒரு வாரம் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை. அதையும் தெரிந்துகொள்.

அவன் நீலக்கொடியை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனான். நீ என்ன செய்தாய்? அதைத்தான் இந்தக் கடிதத்தில் கேட்க வந்தேன். 'அரைப் பந்தயத்துக்கு அரைக்கம்பம் போதும்' என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்துக் கொடியைப் பாதியில் இறக்கிக் கட்டினாய். கூட நின்ற பயல்கள் கைதட்டினார்கள். நீ வெற்றிலை போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாய்.

ஏலே, நீ கப்பல்காரன்தானே? அரைக்கம்பத்தில் கொடி நின்றால் என்ன அர்த்தம் என்று கப்பலில் கரி அள்ளுகிறவனுக்குக்கூடத் தெரியுமே. வயிற்றுப்பிள்ளைக்காரி பிளாரன்ஸ் மீன் கழுவ வெளியே வந்தவள் அதைப் பார்த்துச் சட்டியைக் கீழே போட்டாள். தெருப் பெண்கள் தலைமுக்காட்டோடு ஓடிவந்து 'யாருக்கு என்ன ஆச்சு, இஞ்ஞாசிக்கா, பாஸ்கலுக்கா?' என்று கேட்கிறார்கள். நான் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கம்பம் எதிலிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது நீ சின்னப் பையன், மறந்திருப்பாய். கொழும்பிலிருந்து திரும்பி வருகிற வழியில் உன் மாமா கடலில் விழுந்தபோது, அந்தத் தோணி கொடியைப் பாதியில் இறக்கிக்கொண்டுதான் கரைக்கு வந்தது. உடல் கிடைக்கவில்லை. பிறகு தோணியை உடைத்தபோது அந்தப் பாய்மரத்தை மட்டும் நான் கேட்டு வாங்கி வாசலில் நட்டேன். நேற்றுக் கல்லறைத் திருநாள். எல்லோரும் கல்லறைக்குத் திரி கொண்டுபோனார்கள். எனக்கு எங்கே கல்லறை? வருஷா வருஷம் அந்தக் கம்பத்தடியில்தான் திரி கொளுத்துகிறேன். நேற்றும் கொளுத்தினேன். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று.

சாயங்காலம் இஞ்ஞாசி வந்து அந்தக் கொடியைப் பார்த்தான். அவன் உன்னை அடிக்க வந்ததும், 'இனி இந்த வாசல்ல காலெடுத்து வச்சா ஒடிப்பேன்' என்று சொன்னதும், உன் பந்தயத்துக்காக என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். பந்தயமாம் பந்தயம்! நீயும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நீ போனபிறகு சங்கம் இரண்டாயிற்று. உன் ஆட்கள் படப் புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வீரபாகு அண்ணாச்சி கடைக்குப் போனார்கள். ரேடியோ இங்கே இஞ்ஞாசி பக்கம். அங்கே படம் இருக்கிறது, முடிவு தெரியாது. இங்கே முடிவு தெரியும், முகம் தெரியாது. பர்னபாஸை ஒருவன் 'சார் எந்தக் கட்சி?' என்று கேட்டானாம். 'எனக்குக் கட்சி வேண்டாம்டே, ஆபீஸ்ல இருக்குத கட்சியே போதும்' என்று சொல்லிவிட்டுத் தன் ஊர் நாசரேத்துக்குப் பஸ் ஏறினவர், இந்தப் பக்கமே வருவதில்லை. கொஞ்ச நாள் இவன் அவனைத் திட்டினான், அவன் இவனைத் திட்டினான். பிறகு திட்டவும் ஆளில்லை. பாதிப் பேர் கிரிக்கெட் கேட்கப் போனார்கள், பாதிப் பேர் சினிமாவுக்கு. 'ரெண்டு கட்சியும் சேந்து எனக்கு ஒரு டீ விக்கலக்கா, அந்தப் பொஸ்தகத்துலதான் இப்போ வடை மடிக்கேன்' என்கிறார் வீரபாகு. இருந்ததே ஒரு கைப்பிடி ஆள். அதைப் போய் இரண்டாகப் பிளந்தீர்களே, உங்கள் இருவர் தலையிலும் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்க வேண்டும்!

ஆகஸ்டில், மாதா கோவில் திருவிழாக் கொடி பறக்கிற நாட்களில், ஜெர்மனியில் உன் ஆள் காரோடு எரிந்துபோனான் என்று ரேடியோ சொல்லிற்று. பிழைக்க மாட்டான் என்று அவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார்களாம். அவன் யாரோ, எந்த ஊரோ. அவனுக்காகவும் ஒரு ஜெபமாலை சொன்னேன், அவனுக்கும் வீட்டில் பொம்பிளை இருப்பாளே. இஞ்ஞாசி அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் கட்சி ஆளுக்குத்தான் சாப்பிடவில்லை, கேட்டுக்கொள்.

இனி கடைசி விஷயம். இதை எழுத வேண்டாம் என்று இஞ்ஞாசி சொன்னான், அதனால் எழுதுகிறேன். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஜப்பானில் நடந்த பந்தயத்தில் கொட்டுகிற மழையில், உன் ஆள், அந்த எரிந்து பிழைத்த பிள்ளை, பட்டம் கைக்கு எட்டுகிற நேரத்தில், காரைவிட்டு இறங்கிவிட்டானாம். உயிர்தான் பெரிது என்றானாம். பட்டம் வேறொருவனுக்குப் போய்விட்டது. ரேடியோவில் இதைக் கேட்டதும் நான் நினைத்தேன், இவன் இப்போது கூத்தாடப் போகிறான், 'மழைக்கு ஒதுங்குதவன்லாம் ஓட்டுதவனா' என்று நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் போகிறான் என்று. சொன்னால் கேட்க அந்த முன்னறையில் யார் இருக்கிறார்கள்? அங்கே இப்போது நான் கருவாடு காயப்போட்டிருக்கிறேன்.

அவன் சிரிக்கவில்லை. 'உசுரோட எறங்கத் தெரியணும்மா, அதுவும் வண்டி ஓட்டுததுல ஒண்ணுதான்' என்றான். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து உன் சிவப்புக்கொடியை எடுத்து வந்தான். எலி கடித்திருந்த ஓரத்தைப் பிளாரன்ஸ் தைத்துக் கொடுத்தாள். அதை முழுக்கம்பத்தில், உச்சிவரைக்கும் இழுத்துக் கட்டினான். தெருவில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அது என்ன கொடி என்று ஞாபகம் வைத்திருக்கவே ஆளில்லை. அவன் மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்து, 'ஒனக்க மாமன் இருந்தா இன்னைக்கு என்ன சண்டை போட்டிருப்பான் தெரியுமாலே' என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் மன்னிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் வாயில் வராது, அவன் அப்பாவுக்கும் வந்ததில்லை. நீ இதை எடுத்துக்கொள்கிறாயா, இல்லையா?

கொச்சியில் இறங்கினால் நேரே வா. வந்து சண்டை போடு, கத்து, முன்னறைக் கருவாட்டை நான் அள்ளிவிடுகிறேன். ஆனால் வாசலில் நுழைகிறபோது முதலில் கம்பத்தடியில் ஒரு திரி கொளுத்திவிட்டு நுழை. காற்றுக்குக் கையால் மறைத்துக்கொள். கொளுத்தின பிறகு உன் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. நான் ஒருமுறை சொல்லிவிட்டேன், மறுபடி எனக்கு வரமாட்டேன் என்கிறது.

கொடி இன்னும் மேலேதான் இருக்கிறது. மழைக்காலம், சாயம் போய்க்கொண்டிருக்கிறது. நீ வருகிறவரைக்கும் நான் அதை இறக்க விடமாட்டேன். கடலில் விழாமல் என் வாசலுக்கு உன்னை மாதா நடத்திக் கொண்டுவரட்டும்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத
அத்தை அமலோற்பவம்