கொப்புளம் வராத கை

அருப்புக்கோட்டை
3-3-1963

அன்புள்ள தம்பி சண்முகவேலுக்கு,

அக்காள் கோகிலாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. மாத்தளையில் நீயும் கடையும் நன்றாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் தை மாதக் கடிதம் வந்தது. இப்போது ஊருக்குக் கிளம்பினால் திரும்பி நுழைய விசா கிடைப்பது சந்தேகம் என்று எழுதியிருந்தாய். ராமலட்சுமிக்கு அதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். வருத்தம்தான். ஆனால் அவள் எதையும் முகத்தில் காட்டுகிற பெண் அல்ல.

நேற்றுப் பரளச்சிக்கு, உன் மாமனார் வீட்டுக்குப் போய் வந்தேன். நீ பெயர் எழுதி அனுப்பிய உன் மகன் இன்பராஜுக்குத் தலை நின்றுவிட்டது. குப்புற விழுகிறான். மூத்தவள் பொன்னுத்தாய் அவனைத் தூக்குகிறேன் என்று இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கிறாள், இடுப்புதான் இல்லை. நம் அம்மாவின் பெயர் என்பதால் ராமலட்சுமி இன்னும் மகளை வாய்விட்டுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'தாயி' என்றுதான் கூப்பிடுகிறாள். ஊரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

இந்த ஆண்டும் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உன் மாமனார் பொன்னுச்சாமி அண்ணாச்சியின் கடையில் வற்றல் மூட்டை மட்டும் தங்குதடை இல்லாமல் வந்து இறங்குகிறது.

ஒரு கவலையும் எழுத வேண்டும். திருச்சுழிப் பக்கம் பெரியம்மை கண்டிருக்கிறது. தை கடைசியில் பரளச்சிக்கும் அம்மை குத்துகிறவர் வந்தார். ராஜகுரு என்று பெயர். நான் சொல்லித்தான் தாயிக்குக் குத்தினார்கள். இன்பராஜைத் தலை நிற்காத பிள்ளை என்று தரவில்லை. சின்னச் சக்கரம் வைத்த கருவியைத் தோலில் வைத்து ஒரு திருகு. தாயி அழுதாள், கருப்பட்டி கொடுத்ததும் நிறுத்தினாள்.

குத்தினால் ஒரு வாரத்தில் அந்த இடம் சிவந்து கொப்புளம் கட்ட வேண்டும். பிறகு அது உடைந்து பொருக்குத் தட்டித் தழும்பாக வேண்டும். அப்படி வந்தால்தான் மருந்து பலித்தது என்று பொருள். தாயியின் கையில் எதுவும் வரவில்லை. அந்தத் தெருவில் பலருடைய கையிலும் வரவில்லை. ராஜகுரு மருந்துக் குப்பிகளை ஈரத் துணியில் சுற்றி, சைக்கிளில் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் ஊர் ஊராகப் போயிருக்கிறார். குளிர்ச்சி போனால் அந்த மருந்து வெறும் தண்ணீர். அரசாங்கம் செய்கிறது என்பதற்காக எதையும் நம்புகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும்.

ஊரில் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள். கொப்புளம் வராத கையை அம்மன் தொட்டுக் காப்பாற்றிய கை என்கிறார்கள். கொப்புளம் வந்தவர்கள்தான் ஏதோ குறை செய்தவர்களாம். உன் மாமனார் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தாயியின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுகிறார். மறுபடியும் குத்த வேண்டும் என்று சொன்னேன். ரத்தம் வரும் என்று தயங்கினார். காது குத்தினாலும் ரத்தம் வரத்தானே செய்கிறது, அதற்கு மட்டும் பந்தல் போடுகிறீர்களே என்றேன். "காதுல குத்துறது கம்மல் போட. கையில குத்துறது என்னத்தப் போட, டீச்சரம்மா?" என்று சிரித்தார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ராஜகுரு பங்குனியில் மறுபடி வருவார் என்று டவுனில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் குத்தச் செய்கிறேன். நீயும் அங்கே குத்திக்கொள். கொப்புளம் வந்ததா என்று எழுது.

அன்புடன்,
அக்காள் கோகிலாம்பாள்


அருப்புக்கோட்டை
31-3-1963

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் எழுதுவது பரளச்சியில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம்.

தாயிக்கு அம்மை வார்த்திருக்கிறது. பெரியம்மைதான். சின்னதாக இருக்கும் என்று இரண்டு நாள் நானும் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

ராஜகுரு சொன்னபடி பங்குனியில் வந்தார். ஆனால் அதற்கு முன்பே அம்மன் பொங்கலுக்குச் சாட்டி, ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிய ஊரில் பொங்கல் முடியும்வரை உடம்பில் கத்தி படக் கூடாது, ரத்தம் சிந்தக் கூடாது, வெளியூரார் ராத்தங்கக் கூடாது. இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை. நாளைக் குறித்த அதிகாரிக்குத்தான் தெரியவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். அந்த மனிதர் ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாலைவரை உட்கார்ந்திருந்தாராம். உன் மாமனார் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பொங்கல் கழித்து வாருங்கள் என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். நான் அப்போது பள்ளிக்கூடப் பரீட்சையில் இருந்தேன். எனக்குச் செய்தி வந்தபோது அவர் மல்லாங்கிணறு பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை போனேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பஸ்ஸில் பலரோடு இடித்துக்கொண்டு வந்தவள் என்பதால் நடையைத் தாண்ட விடவில்லை. அதில் தப்பு இல்லை. வீட்டில் தாளிப்பது இல்லை. காரம் ஆகாது என்று கடையிலிருந்த வற்றல் மூட்டைகளை எல்லாம் வீரசோழன் வியாபாரிக்கு வந்த விலைக்கு ஏற்றிவிட்டார் உன் மாமனார். அவர் செய்யாத பக்குவம் எதுவும் இல்லை. அன்றைக்குக் கடையில் சிரித்த முகம் இல்லை அது.

உள்ளே இருந்து தாயி என் குரலைக் கேட்டுவிட்டு, "அத்தை, கருப்பட்டி கொண்டாந்தியா?" என்று கேட்டாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

காய்ச்சல் கண்ட அன்றே இன்பராஜை மல்லாங்கிணற்றில் ராமலட்சுமியின் தங்கை மூக்கம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளும் பால் கொடுக்கிறவள். இது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

டவுன் டாக்டரிடம் கேட்டேன். வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை, சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நீராகாரம் கொடுங்கள் என்றார். அதைத்தான் அங்கே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அம்மை இறங்கியிருக்கும் வீட்டிலிருந்து கடல் தாண்டிக் காகிதம் போகக் கூடாது என்கிறார் உன் மாமனார். புறப்பட்டு வா என்றும் என்னால் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. அடுத்த செய்தி வரும்வரை பொறுத்திரு.

அக்காள்


அருப்புக்கோட்டை
21-4-1963

அன்புள்ள தம்பி சண்முகவேலுக்கு,

இதை வாசிக்கும்போது கடையில் இருந்தால் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து வாசி.

தாயி போய்விட்டாள். தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றும்வரைகூட இருக்கவில்லை. தந்தி கொடுக்க நான் தபாலாபீஸ் வரை போனேன். உன் மாமனார் பின்னாலேயே ஆள் அனுப்பித் தடுத்துவிட்டார். கடைசித் தண்ணீர் ஊற்றி அம்மனை அனுப்பி வைத்த பிறகுதான் வெளியே சொல்ல வேண்டுமாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நான் சண்டை போடவில்லை. அந்தக் கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள்.

அம்மை கொண்டுபோன பிள்ளைக்கு அழக் கூடாது. அம்மனின் வருகையை அழுது பழிக்கக் கூடாது என்பது முறை. ராமலட்சுமி அழாமல் நின்றாள். நான் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இனி எழுதுவதை மனத்தை ஒருநிலைப்படுத்திக்கொண்டு வாசி. இது இன்பராஜைப் பற்றியது.

கடைசித் தண்ணீர் ஊற்றியதும் அவனை மல்லாங்கிணற்றிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். பெற்றவள் மடி வெறுமையாக இருக்கக் கூடாது என்று உன் மாமனார் நினைத்திருக்க வேண்டும். கொண்டுவந்த பிறகு எதிர்வீட்டுக் கருத்தம்மாளின் மகனுக்கு முத்துப் போட்டிருக்கிறது. தெருவின் அகலம் உனக்குத் தெரியும்.

இந்தமுறை ஊரே பயந்துவிட்டது. காப்பும் அவிழ்த்தாயிற்று. ராஜகுரு வியாழக்கிழமை வந்தபோது உன் மாமனாரே முதலில் சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினார். இப்போது வருவது வேறு மருந்து. பொடியாக வருகிறது, குத்தும்போது கரைத்துக்கொள்கிறார்கள், வெயிலைத் தாங்கும் என்கிறார்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலருக்கு முன்பே அதைத்தான் போட்டிருந்தார்கள். கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அநேகமாக எல்லாக் கையிலும் கொப்புளம் கட்டியிருந்தது. அநேகமாக என்றுதான் சொல்ல முடியும். எதுவும் வராத கையும் இருந்தது.

ராமலட்சுமி மட்டும் பிள்ளையைத் தரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். தெருப் பெண்கள் போய்ச் சொன்னார்கள், தகப்பனார் சொன்னார், பலன் இல்லை. குத்து போட்டதால்தான் அம்மன் கோபித்துத் தாயியைக் கொண்டுபோனாள் என்று யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். பெற்றவளுக்கல்லவா தெரியும் என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

கடைசியில் நான் கூப்பிட்டதும் கதவைத் திறந்தாள். பையன் இடுப்பில் இருந்தான். "ஒருத்திக்குக் குத்தச் சொன்னீக, குத்துனோம் மதினி. இப்ப இவனையும் கேக்கீக" என்றாள். சத்தம் போடவில்லை. அன்றைக்குக் குத்தியது பலிக்கவில்லை, அதனால்தான் தாயிக்கு வந்தது, பலித்திருந்தால் வந்திருக்காது என்று விளக்கினேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். அவள் அறிவுள்ள பெண், சண்முகவேல். நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அப்படியானால் இது மட்டும் பலிக்கும் என்று எப்படித் தெரியும் என்றாள்.

உள்ளே போய் ஒரு தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். "இது பலிக்கும்னு சூடத்த அணைச்சுச் சொல்லுங்க மதினி. பிள்ளையத் தாரேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ராஜகுரு கருவியைக் கையில் வைத்தபடி நின்றார். உள்ளங்கையை ஒரு தரம் கவிழ்த்து எடுத்திருந்தால் போதும். சாமியைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு அது ஒரு துண்டுச் சூடம்தான். ஆனால் அவளுக்கு அது சத்தியம். புது மருந்து இந்த வெயிலில் எத்தனை தூரம் வந்தது என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக் காற்று ஏற்கெனவே பையனைத் தொட்டுவிட்டதா என்றும் தெரியாது. தொட்டிருந்தால் இன்றைக்குக் குத்தினாலும் நாளைக்கு அவன் படுப்பான். அப்போது பழி மருந்தோடும் என்னோடும் நிற்காது. தெருவில் வேறு ஒருத்தியும் அதன் பிறகு பிள்ளையைத் தர மாட்டாள். நூறு பேரில் அநேகம் பேருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அவ்வளவையும் சொல்லிச் சூடம் அணைக்க முடியாது.

நான் கையை நீட்டவில்லை. சூடம் தானாக எரிந்து அணைந்தது. தட்டில் கரிப் புள்ளி மட்டும் இருந்தது. "உங்களுக்கே தெரியலையே மதினி" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னதுபோல இருந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் மாமனார் என்னைப் பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டார். பஸ் வந்தபோதுதான், "அணைச்சிருக்கலாமே டீச்சரம்மா" என்றார். படிப்பு எதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அந்தப் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ராஜகுருவைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். வருகிற 29-ஆம் தேதி திங்கட்கிழமை திருச்சுழி போகும் வழியில் ஒருமுறை பரளச்சியில் இறங்கி வருவதாக ஒப்புக்கொண்டார். அது அவர் வேலைக்கு வெளியே செய்கிற உதவி. இன்னொரு தடவை கேட்க முடியாது.

என் வாக்கை ராமலட்சுமி இனி ஏற்க மாட்டாள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உன் சொல் அவளுக்கு வேறு. பிள்ளையின் பெயரைக்கூட நீ எழுதி அனுப்பிய பிறகுதான் வைத்தாள். ஆகவே இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எழுந்து போய் அவள் பெயருக்கு ஒரு தந்தி கொடு. கடிதம் எழுதாதே, திங்கட்கிழமைக்குள் வராது. இன்பராஜுக்குக் குத்தச் சொல் என்று கொடு. இது நிச்சயம் பலிக்கும் என்றும் கொடு.

உனக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் கொடு. தெருவே பார்த்திருக்க என்னால் சொல்ல முடியாமல் போனதை அங்கே இருந்துகொண்டு நீ சொல்லிவிடு. ஒரு பொய்யாக நினைத்துச் சொல்லாதே. நூற்றில் அநேகம் பேரில் நம் பிள்ளையும் ஒருவனாக இருப்பான் என்று நினைத்துச் சொல். அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் அக்காள்தான் அப்படி எழுதச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரிவித்துவிடு. எனக்கு அது கனமாக இருக்காது.

தாயிக்காக அழ வேண்டும் என்றால் நீ அழுதுகொள். இங்கே யாருக்கும் அது முடியவில்லை. அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, தந்தி ஆபீஸுக்குப் போ. உன் மகன் முகம் உன்னைப் போல இருக்கிறது. அதை நீ ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

உன் அக்காள்,
கோகிலாம்பாள்