துண்டைப் போர்த்திப் படித்த மனு

அன்பு மாறாத ராமலிங்கண்ணா,

கொல்லிமலை மேலிருந்து எழுதுகிறேன். உங்கள் பள்ளிக்கூடம், உங்கள் நாற்காலி. அதற்கு ஒரு கால் இன்னும் ஆடுகிறது.

நம் ஆசிரியர் சங்கத்துக்கு யார் மனு கொடுத்தாலும் கூட்டத்தில் என்னைத்தான் படிக்கச் சொல்வார்கள். குரல்வளமாம்! நான் வாயைத் திறந்தால் காளப்பநாயக்கன்பட்டியே சிரிக்கும் என்பதுதான் நிஜம்.

அன்றைக்கு மலையிறங்கி வந்து உங்கள் மனுவை என்னிடம் நீட்டினீர்கள்.

"நல்லாப் படிச்சுடு கண்ணு. நாலு வருசமா மலைக்காய்ச்சல் உடமாட்டேங்குது. கீழ மாத்தச் சொல்லிச் சங்கம் கேட்டாத்தான் ஆபீசுல காது கேக்கும்."

நன்றாகத்தான் படித்தேன். 'கம்பளிக்குள் நடுங்கியபடியே வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன்' என்ற வரி வந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, "ஓ... ஓ... ஓரொன்று ஒன்று" என்று ஆரம்பித்துவிட்டேன். தலைவர் பொய்ப்பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த களைப்பில் மனுவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நீங்களும் ஏனண்ணா சிரித்தீர்கள்? ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?

அடுத்த கூட்டத்தில் உங்களுக்காக இரண்டு நிமிஷம் அஞ்சலியாக எழுந்து நின்றோம். நான் வாய் திறக்காத ஒரே கூட்டம் அதுதான்.

சென்ற ஆடியில், உங்கள் இடத்துக்குப் போன முத்து வாத்தியாரின் மனு வந்தது. அதே காய்ச்சல். நான் எழுந்ததுமே முன்வரிசை சிரிக்கத் தயாரானது. துண்டை மடித்து வைத்துவிட்டுப் படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் சங்கமே திரண்டு பள்ளி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றது.

"இத்தனை பேரு இங்க நின்னா பள்ளிக்கூடம் என்னாகறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மலையில வாத்தியாரு செத்துப்போனா மட்டும் பள்ளிக்கூடம் நடக்குமுங்களா?" என்றார் தலைவர்.

மாற்றல் கையெழுத்தானது. அவ்வளவுதான் அண்ணா. ஒரு காலைப் பொழுது. உங்களுக்காக அந்தக் காலைப் பொழுதை நாங்கள் செலவழிக்கவில்லை.

"அப்ப மலைக்கு யாரு போறது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "நான் போறேனுங்க" என்று கையைத் தூக்கினேன். நம் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை கையை இறக்காமல் நின்றேன்.

சங்கம் மாதந்தோறும் எனக்குக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை அனுப்புகிறது. வாயில் போடும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்கு யார் அனுப்பினோம்?

இரண்டு வருஷத்துக்கு மேல் யாரையும் மலையில் வைக்கக் கூடாதென்று ஒரு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இறங்கிப்போய் நானே படிப்பேன். அது விதியாகும்வரை கூட்டத்துக்குக் கூட்டம் படிப்பேன். அப்போது என் பல் கிடுகிடுத்தால், சத்தியமாக அது நடிப்பில்லை அண்ணா.

உங்கள் மனுவைக் கெடுத்த தம்பி,
சின்னசாமி